மூன்று மணிக்கு மேல் வந்தவை

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வந்திருக்கிறது. மெயிலின் ஓரத்தில் நேரம் போட்டிருக்கிறது, அதில் வாதாட ஒன்றுமில்லை. அனுப்பியவர் இயற்பியல் துறை கனகசபை சார், அவர் என்றைக்கு நேரத்துக்கு அனுப்பினார். திறக்காமல் விட்டிருக்கலாம். திறந்துவிட்டேன். ஒரு முறை படித்தேன், கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன், அதே எழுத்துகள்தான் இருந்தன. தைவானில் ஆறு மாத ஆய்வுப் பயிற்சி. இயற்பியல் ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும். இரண்டு இடம். போக வர விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வரும் திங்கட்கிழமை. நான்காம் ஆண்டு இயற்பியலில் இருபத்தாறு பேர் படிக்கிறார்கள், அதில் ஒருத்தி மிருதுளா, மிருதுளா என் மகள். இப்போது மணி மூன்று பன்னிரண்டு. நான்கு மணிக்குப் பட்டியல் போக வேண்டும். வரும் வார நிகழ்வுகளும் வாய்ப்புகளும் என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்கு மணிக்கு, இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறைகளுக்கும் விடுதிகளுக்கும் பிள்ளைகளின் மெயிலுக்கும் போகிற பட்டியல். மாணவர் நலப் பிரிவில் எட்டு வருடமாக அதைத் தட்டுகிறவள் நான். இன்றைக்கு எட்டு இருக்கிறது. ஒன்று, இரத்ததான முகாம். இரண்டு, காளான் வளர்ப்பில் மூன்று நாள் பயிற்சி. மூன்று, அறக்கட்டளைச் சொற்பொழிவு, தலைப்பு நேர மேலாண்மை, பேச வருகிறவர் போன வருடம் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தவர். நான்கு, வங்கித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி. ஐந்து, பிளாஸ்டிக் ஒழிப்புக் கவிதைப் போட்டி, போன தடவை ஜெயித்த பையனுக்கு பிளாஸ்டிக் டப்பாவில்தான் பரிசு கொடுத்தார்கள், நானே பார்த்தேன். மற்ற மூன்றும் இந்த மாதிரிதான். இவற்றில் ஒன்றுக்காவது நான் போயிருக்கிறேனா என்றால் இல்லை. வாய்ப்பு என்ற சொல்லுக்கு என் விரல்கள் யோசிக்காமலே போகும், அது யாருக்கோ வருகிற ஒன்று, நான் தட்டி அனுப்புகிற ஒன்று, அவ்வளவுதான். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அது என் வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

சேர்க்க வேண்டியதில்லை. அதுதான் விஷயம். நான் எதையும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு மேல் வரும் அறிவிப்புகள் அடுத்த வாரப் பட்டியலில் மட்டுமே சேர்க்கப்படும் என்று. அதை எழுதியவள் நான், சிவப்பு மையில் அடிக்கோடு போட்டவளும் நான். என் வீட்டுக்காரர் மோகன் செத்துப்போன ஏழாவது மாதம் எனக்கு இந்த வேலையைக் கருணை அடிப்படையில் கொடுத்தார்கள், ஆணையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். அதனால் முதல் வருடம் முழுக்க எல்லோரும் என்னைக் கருணையோடு நடத்தினார்கள். கருணை என்றால், யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் வந்து நின்றுகொண்டு, சுலோச்சனாம்மா, இதையும் ஒண்ணு சேர்த்துருங்களேன் என்பார்கள். ஐந்து மணிக்கு வருவார்கள், ஐந்தரைக்கு வருவார்கள், பட்டியல் போன பிறகு வந்து திருத்தச் சொல்வார்கள். வீட்டுக்குப் போக எட்டாகிவிடும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் இந்தத் தாளை எழுதி வைத்தேன். துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து மூன்றேகாலுக்கு வந்ததையே அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன், அதற்கு விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன், அதற்குப் பிறகுதான் சுலோச்சனாம்மா போய் சுலோச்சனா மேடம் வந்தது. கனகசபை சாருக்கே ஒரு தடவை ஆயிற்று. வடக்கே எங்கேயோ இருந்து ஒரு பெரிய விஞ்ஞானியைக் கூட்டிவந்தார், அறிவிப்பு மூன்று இருபதுக்கு வந்தது, நான் போடவில்லை, பதினோரு பேர்தான் கேட்க வந்தார்களாம். அதிலிருந்து என்னைப் பார்த்தாலே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார். இவ்வளவு பேரைத் தள்ளி நிறுத்திய விதி இன்றைக்கு என் பக்கம் வந்து நிற்கிறது. இதைப் போடாவிட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். போட்டால்தான் கேட்பார்கள். அம்மா தட்டினாள், பொண்ணு பறந்தாள் என்று நிர்வாகக் கட்டடம் மூன்று மாடியும் பேசும். அடுத்த வெள்ளி வரும்போது கடைசி நாள் போய் நான்கு நாளாகியிருக்கும், மிருது சாயங்காலம் வந்து ஸ்கூட்டரில் பின்னால் உட்காருவாள், போகிற வழியில் கீரை வாங்குவோம்.

கீரை என்று நினைத்ததும் மனசுக்கு ஒரு சுகம் வந்தது, அந்தச் சுகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் இது முதல் தடவை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் கோடை விடுமுறைக்கு இரண்டு மாத ஆராய்ச்சி முகாம் ஒன்று வந்தது. மூன்று மணி நான்கு நிமிடம். நான்கே நிமிடம். அன்றைக்கும் இதே நாற்காலி, மேலே இதே ஃபேன், இது அப்போதும் டொக் டொக் என்று அடித்துக்கொண்டுதான் சுற்றியது. விதி விதிதான் என்று தள்ளிவிட்டேன். ஒரு மாதம் கழித்து வேறு கல்லூரியில் படிக்கிற மிருதுவின் தோழி அங்கே போய்ப் படம் எல்லாம் அனுப்பியிருக்கிறாள். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த மிருது கேட்டாள், "உன் ஆபீசுக்கு அது வந்துச்சாம்மா?" நான் சொன்னேன், "வந்துச்சு, மூணு மணிக்கு மேல வந்துச்சு." அவள் "ஓ" என்றாள். அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளவில்லை, அழவில்லை, சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். அந்த ஓ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அது புரிந்துகொண்ட ஓவா, விட்டுத்தொலைத்த ஓவா. நான் அன்றைக்கு விதிக்காகத்தான் தள்ளினேனா, இல்லை இரண்டு மாதம் தனியாக இருக்க முடியாது என்று தள்ளினேனா. விதிக்காகத்தான். வேறு யாருடைய அறிவிப்பாக இருந்தாலும் தள்ளியிருப்பேன். ஆமாம், தள்ளியிருப்பேன், ஆனால் தள்ளிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டிருப்பேனா. அன்றைக்கு விட்டேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மூச்சு விட்டேன், பிறகு ரெஜினா கொடுத்த அதிரசத்தைத் தின்றேன்.

ரெஜினா பக்கத்து மேஜை. உதவித்தொகை விண்ணப்பங்களை நூலில் கட்டிக்கொண்டிருக்கிறாள். "என்ன மேடம், டீ ஆறிப்போச்சு, ஆடை படிஞ்சிருச்சு பாருங்க" என்றாள். குடித்தேன். ஆறிய டீ தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்கியது. மேஜைமேல் போன் அடித்தது. ஆபீஸ் போன் அடித்தால் நான் உடனே எடுப்பதில்லை. விடைத்தாள் திருத்தும் மையத்தில் கட்டுகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த மோகன் அப்படியே சரிந்துவிட்டார் என்று ஒரு புதன்கிழமை இந்தக் கட்டடத்திலிருந்துதான் எனக்குப் போன் வந்தது. இரண்டு தடவை அடித்த பிறகு எடுத்தேன். கனகசபை சார்.

"மேடம், மூணு மணி தெரியும். திட்டாதீங்க."

"நான் எங்க சார் திட்டினேன்."

"மூணு நாளா மெயில்ல கெடந்திருக்கு மேடம், நான்தான் பாக்கல. வைவா, அது இதுன்னு அலைஞ்சிட்டேன். திங்கக்கெழம கடைசி. பிள்ளைங்க நாலு மணிக்கு உங்க லிஸ்ட்டைத்தான் பாக்குதுங்க. நான் சொன்னா எது கேக்குது?"

"ரூல் இருக்கே சார்."

"இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல." என்றவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணும் அந்த கிளாஸ்தானே மேடம். நல்லா பண்ற பொண்ணு. சான்ஸ் இருக்கு."

அதுதான் சார் கஷ்டம் என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். மணி மூன்று முப்பத்தொன்று. நல்லா பண்ற பொண்ணு. தெரியும். இரண்டு இடத்தில் ஒன்று அவளுக்குக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும், கிடைக்காது என்றால் நான் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கப் போகிறேன், எப்போதோ எதையாவது செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றிச் சுற்றி வந்தாலும் அதுதான். கொஞ்ச நேரம் முன்னால் உலக வரைபடத்தைத் திறந்து தைவானைத் தேடினேன், சீனாவுக்குப் பக்கத்தில் சின்னதாகத் தனியாகக் கிடந்தது. அங்கே நிலநடுக்கம் வருமாம். வந்தால் அவள் மேஜைக்கு அடியில் போய் உட்கார வேண்டும் என்று யார் சொல்வார்கள், அவளுக்குத் தூக்கம் வந்தால் எழவே மாட்டாள். அவளுக்கு இரும்புச்சத்து கம்மி. அங்கே என்ன சாப்பிடுவாள். இல்லை, பொய். அவள் சாப்பிடுவாள், எதையும் சாப்பிடுவாள், விடுதிப் பிள்ளைகள் கொண்டுவருகிறதை எல்லாம் ருசித்துத் தின்கிறவள். நான்தான் சாப்பிட மாட்டேன். ஒரு ஆளுக்குக் குக்கர் வைப்பதை யோசித்துப் பார்த்தேன், அரை டம்ளர் அரிசி, ஒரு கை பருப்பு, வைத்துவிட்டு விசிலுக்காக நிற்க வேண்டும். ஸ்கூட்டரில் பின்னால் ஆள் இல்லாமல் திருவெறும்பூர் வீடு வரைக்கும் போக வேண்டும். கதவைத் திறந்ததும் உள்ளே யாரும் இல்லை என்பது நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தெரியும். ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறார்கள், ஆறு மாதமா அது, வேதியியல் துறை மேடத்தின் பையன் ஒரு வருடம் என்று கொரியாவுக்குப் போனான், ஐந்து வருடமாகிறது, அங்கேயே ஒரு வீடு பார்த்துவிட்டான். மோகன் இருந்தால் போகட்டும் விடு என்று சொல்லியிருப்பார். செத்தவர்களுக்கு என்ன, தாராளமாகச் சொல்வார்கள். அவள் எனக்காக இருக்கிறாள், நான் அவளுக்காக இருக்கிறேன் என்று எட்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அவளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், நான் இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு கையெழுத்துப் போட ஆள் இல்லை. அதைச் சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்திருக்கிறேன். அதையும் எடுத்துவிட்டால் எதைச் சொல்லி எழுந்திருப்பது.

மூன்று நாற்பது. பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தேன், எட்டாவதுக்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது. இருபத்தாறு பேர். ஒருத்தியைக் கழித்தால் இருபத்தைந்து பேர். அவர்களை நான் இதுவரை நினைக்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அதில் செந்தாமரை என்று ஒரு பெண், மிருதுவோடு இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்திருக்கிறாள், அரியலூர்ப் பக்கம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்க லிஸ்ட்டுக்காகக் காத்துக்கிட்டிருப்பேன் ஆன்ட்டி என்றாள். காளான் வளர்ப்பாக இருந்தாலும் போய்விடுவாளாம். என் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள அந்தப் பிள்ளையின் கதவையும் சேர்த்துச் சாத்தப் பார்க்கிறேன். சாத்துவது நான் இல்லை, விதி. விதி நான் எழுதியது. அப்புறம், போட்டால் பேசுவார்களே. பேசட்டும். பேசட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், தைரியமாக வரவில்லை, அலுப்பாகத்தான் வந்தது. ஏழு வருடமாக ஒரு தாளைக் காவல் காத்திருக்கிறேன், அந்தத் தாள் என்னை எங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது பார். தோள்பட்டை வலிக்கிறது. கண் எரிகிறது. யாராவது வந்து இந்த நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்து முடிவெடுத்துவிட்டுப் போனால் தேவலை. ரெஜினாவைக் கேட்கலாமா. அவள் நல்லவள், ஏசுவைக் கேளுங்க மேடம் என்பாள். நல்ல மனசு வந்து போட்டேன் என்று சொல்ல மாட்டேன். தள்ளிவைத்துவிட்டு இன்னொரு ஓவைக் கேட்கிற தெம்பு எனக்கில்லை, அதனால் போட்டேன். ஒன்பது என்று எண் போட்டேன். தைவான், ஆறு மாதம், இரண்டு இடம், கடைசி நாள் திங்கள், எல்லாவற்றையும் தட்டினேன். கடைசி நாளைத் தடித்த எழுத்தாக்கினேன், எதற்கும் அப்படிச் செய்வதில்லை, இதற்குச் செய்தேன். மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், கொட்டாவி வந்தது.

நான்கே காலுக்கு மிருதுளா வந்தாள். வழக்கமாக ஐந்து மணிக்கு வண்டி நிறுத்துமிடத்துக்குத்தான் வருவாள், உள்ளே வர மாட்டாள். பையைக்கூடக் கழற்றாமல் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். ரெஜினா கட்டுகளை எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைப் பக்கம் போயிருந்தாள், அறையில் வேறு யாரும் இல்லை.

"ஒன்பதாவது போட்டிருக்க" என்றாள்.

"ஆமா."

"எப்ப வந்துச்சு?"

"மூணு பத்துக்கு."

"மூணு பத்துக்கு வந்ததப் போட்டியா? நீயா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன், அது இருந்தது, ஆனால் தப்பு செய்துவிட்ட மாதிரி ஒரு முகம் அதை முந்திக்கொண்டு நின்றது.

"அம்மா, நீ போட மாட்டேன்னு நெனச்சேன்மா" என்றாள். "லேப்ல சீனியர் அக்கா ஒருத்தங்க புதன்கெழமையே லிங்க் அனுப்பினாங்க. அன்னிக்கே அப்ளை பண்ணிட்டேன். கெடச்சா சொல்லிக்கலாம்னு இருந்தேன். கெடைக்கலன்னா எதுக்கு சொல்லிக்கிட்டு."

ஒரு மணி நேரமாக நான் சுமந்துகொண்டிருந்ததை எங்கே இறக்கி வைப்பது என்றே தெரியவில்லை. கோபம் வந்தது. இவளுக்காக ஏழு வருட விதியை உடைத்தேனே என்று வந்தது. போட மாட்டேன் என்று எப்படி நினைக்கலாம் என்று வந்தது, உடனே, நினைத்ததில் என்ன தப்பு என்றும் வந்தது, அரை மணி நேரம் நான் போடாமல்தானே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தபோது வந்தது ஆபீஸ் கேள்விதான்.

"பேரன்ட்ஸ் சைன் ஒண்ணும் கேக்கலியா அதுல?"

அவள் பையின் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கேட்டாங்க."

"அப்ப?"

"நானே போட்டுட்டேன்."

"எத?"

"உன் கையெழுத்த."

காட்டு என்றேன். போனைத் திறந்து, அனுப்பிய ஒப்புதல் கடிதத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மோ. சுலோச்சனா. லோவில் நான் போடுகிற சுழி, கடைசி எழுத்தில் கீழே இழுத்துவிடுகிற கோடு, அந்தக் கோட்டுக்கு அடியில் என்னையறியாமல் நான் வைக்கிற இரண்டு புள்ளி. எட்டு வருடமாக விண்ணப்பங்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துகளைச் சரிபார்க்கிறவள் நான், அவசரத்தில் பார்த்து எழுதியது எது, பழகிய கை எது என்று எனக்குத் தெரியும். இது புதன்கிழமை ஒரு நாளில் வந்த கை இல்லை. தயக்கமே இல்லாமல் ஓடியிருந்தது, என்னைவிட நன்றாகப் போட்டிருந்தாள்.

"எப்படி பழகின?"

"திட்டாதம்மா."

"திட்டல. எப்பருந்து?"

"எட்டாவதுலருந்து" என்றாள். "ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ல அப்பாதான் போடுவாரு. அப்பா போனதுக்கப்புறம் அரையாண்டு ரிப்போர்ட் குடுத்தாங்க. நீ அப்பதான் வேலைக்கு சேந்த. ஆபீஸ்லருந்து வந்து புடவகூட மாத்தாம அப்படியே படுத்துருவ. எழுப்பினா எந்திரிச்சு உக்காந்து, அப்பா வந்துட்டாரான்னு கேப்ப. ரெண்டு தடவ கேட்ட. அதுக்கப்புறம் நான் எழுப்பல."

"எல்லாத்துலயுமா?"

"ப்ளஸ் டூ வரைக்கும் எல்லாத்துலயும்தாம்மா. டூர் லெட்டர், லீவ் லெட்டர், ஊசி போடறதுக்குக் கேட்டது, எல்லாம். யாரும் கண்டுபிடிக்கல."

ஐந்து வருடம். ஐந்து வருடத்தில் ஒரு ரிப்போர்ட்கூட என் கைக்கு வரவில்லை, வரவில்லை என்பதே இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. கேட்கவே இல்லை நான். பள்ளிக்கூடத்தில் கொடுத்திருப்பார்கள், யாரோ பார்த்திருப்பார்கள் என்று இருந்திருக்கிறேன். பதிமூன்று வயசுப் பிள்ளை, தூங்குகிற என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ரஃப் நோட்டில் என் பெயரை எழுதி எழுதிப் பார்த்திருக்கிறது.

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த அரையாண்டுல என்ன மார்க் வாங்கின?" என்று கேட்டேன்.

"எதுலம்மா?"

"எல்லாத்துலயும்."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு பையைக் கழற்றிக் கீழே வைத்தாள், ரெஜினாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தமிழ்ல எழுபத்தெட்டு" என்று ஆரம்பித்தாள்.